ஸ்டாப்பரை மேலே ஏத்து!

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கிறது. நம் பக்கம் ஒரு கோல் பின்தங்கியிருக்கிறது. எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கத்துவார்: “டேய், ஸ்டாப்பர மேல ஏத்துடா!” திண்டிவனத்துப் பள்ளி மைதானம், விழுப்புரத்தில் நடக்கும் மாவட்டப் போட்டி, நெய்வேலி டவுன்ஷிப், புதுச்சேரி என்று எங்கே போனாலும் இந்தக் குரல் மட்டும் மாறாது. சென்னை நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி. ஆட்டம் பார்க்கப் போகிற நம்ம ஊர்ப் பையன்களும், ராத்திரி ஆட்டம் முடிந்து கிளாம்பாக்கம் போய் பஸ் பிடித்து ஊர் சேர நள்ளிரவு தாண்டும் என்று தெரிந்தும், கேலரியில் உட்கார்ந்து இதையேதான் கத்துகிறார்கள்.

ஸ்டாப்பர் பின்வரிசையின் நடுவில் நிற்பவர். பெரும்பாலும் அணியிலேயே உயரமான ஆள். எதிரணி ஃபார்வர்டை மறித்து, உயரத்தில் வரும் பந்தைத் தலையால் முட்டி வெளியேற்றுவது அவர் வேலை. அவரைக் கொண்டுபோய் எதிர் கோலுக்கு முன்னால் நிறுத்திப் பந்தைத் தூக்கித் தூக்கிப் போட்டால் ஒன்றாவது தலையில் படாதா? கத்துபவரின் கணக்கு அவ்வளவுதான். பயிற்சியாளர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். ஆட்டம் தெரியாதவனின் யோசனை என்பார்கள்.

ஆனால் நம் பக்கத்துக் கால்பந்தின் பெரிய இரவுகளைத் திரும்பிப் பார்த்தால், கோல் போட்டவர் பட்டியலில் ஸ்டாப்பர்கள் பெயர் அடிக்கடி கண்ணில் படுகிறது. எனவே கத்துபவரை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். அவர் கேட்பது பெரிய கேள்வி: வழக்கமான ஆட்டம் பலிக்காதபோது அணியின் கையில் இன்னொரு வழி இருக்க வேண்டுமா? இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் அந்த வழி எங்கிருந்து வரவேண்டும் என்பதில்தான் பல கிளப்புகள் கோட்டை விடுகின்றன.

ஒரே கார்னர், இரண்டு முறை

2018 மார்ச் 17. பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம். பெங்களூரு எஃப்.சி. லீகில் 40 புள்ளிகளோடு முதலிடம் பிடித்த அணி; போதாக்குறைக்குச் சொந்த மைதானம். ஜான் கிரிகரி பயிற்சியளித்த சென்னையின் 32 புள்ளிகளோடு இரண்டாமிடம். ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி தாவித் தலையால் முட்டி முதல் கோலைப் போட்டார். அதோடு கதை முடிந்தது என்றே மைதானம் நினைத்தது.

17-வது நிமிடத்தில் சென்னையினுக்கு ஒரு கார்னர். கிரிகரி நெல்சன் அடித்த பந்தை பிரேசில்காரர் மெய்ல்சன் ஆல்வெஸ் எழும்பித் தலையால் உள்ளே தள்ளினார். இடைவேளைக்குச் சற்று முன்பு மறுபடி கார்னர், மறுபடி நெல்சன், மறுபடி மெய்ல்சன். அச்சு அசல் அதே கோல். மெய்ல்சன் யார்? ஸ்டாப்பர். பின்பாதியில் ரஃபேல் அகுஸ்தோ மூன்றாவதைப் போட்டார். கடைசியில் பெங்களூருவின் மிக்கு ஒன்றைத் திருப்பினாலும் கோப்பை 3-2 என்று சென்னைக்கு வந்தது.

பந்தை வைத்து ஆடுவதில் பெங்களூரை மிஞ்ச முடியாது என்றால், பந்து நின்றுவிடும் இடங்களில் மிஞ்சலாம். கார்னர், ஃப்ரீ கிக் போன்ற செட் பீஸ்களுக்கு எதிரணியின் தயவு தேவையில்லை. யார் அடிப்பது, யார் எந்தக் கம்பத்தை நோக்கி ஓடுவது, யார் எதிரணி ஆளை மறித்து வழிவிடுவது என்பதையெல்லாம் பயிற்சியிலேயே தீர்மானித்துவிடலாம். ஸ்டாப்பர் மேலே போனதுதான் நமக்குத் தெரிந்தது. அவர் போன பிறகு பின்னால் யார் நிற்பது என்பதும் அதே பயிற்சியில் தீர்மானமாகியிருக்கும். மைதானத்துக் கூச்சலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

அடுத்த பருவம் நடந்ததை நினைத்தால் இன்றும் நம்பமுடியவில்லை. நடப்புச் சாம்பியன், அதே பயிற்சியாளர். 18 ஆட்டங்களில் வெற்றி 2, டிரா 3, தோல்வி 13. ஒன்பதே புள்ளிகள், பத்து அணிகளில் பத்தாவது இடம்.

ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மெய்ல்சனோடு பின்வரிசையைக் கட்டிக்காத்த போர்ச்சுகல்காரர் ஹென்ரிக் செரெனோ போய்விட்டார். வியாசர்பாடியில் வளர்ந்து, கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் கோலும் போட்ட தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் ஆட முடியவில்லை. ஃபார்வர்ட் ஜேஜேக்குக் கோல் வறட்சி. எல்லாம் உண்மைதான். ஆனால் ஆட்கள் மாறியும் ஆட்டம் மாறவில்லை என்பதே என் குறை. முதல் வருடம் கச்சிதமாகப் பொருந்திய ஒரு சட்டகம், அதற்குரிய இரண்டு மூன்று ஆட்கள் இல்லாதபோதும் அப்படியே தொடர்ந்தது. எதிரணிகளுக்கும் அதற்குள் இவர்கள் ஆட்டம் மனப்பாடம். ஜெயித்த திட்டத்தைக் கைவிடத் தோற்ற திட்டத்தைக் கைவிடுவதைவிட அதிக நெஞ்சழுத்தம் வேண்டும். சாம்பியன் பட்டம் வாங்கிய பயிற்சியாளரிடம் “சார், இது ஒத்துவரலை” என்று யார் போய்ச் சொல்வது?

அதே அணி 2019 ஏப்ரலில் புவனேஸ்வரத்தில் சூப்பர் கப் இறுதி வரை போனது என்பதையும் சொல்ல வேண்டும். கோவாவிடம் 2-1 என்று தோற்றார்கள். கையில் சரக்கு இல்லாத அணி அவ்வளவு தூரம் போயிருக்காது.

ஆள் அதே, இடம் வேறு

2019-20 பருவத்துக்கு நிர்வாகம் கிரிகரியையே வைத்துக்கொண்டு வெளிநாட்டு ஆட்களை மாற்றியது. லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ், பிரேசிலின் கிரிவெல்லாரோ, மால்டாவின் ஷெம்ப்ரி, ருமேனியாவின் ஸ்டாப்பர் லூசியன் கோயன் என்று புது முகங்கள். கோவாவில் 0-3. மும்பையுடன் 0-0. ஏ.டி.கே.யிடம் 0-1. பெங்களூருவில் 0-3. நான்கு ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவதில்தான் ஹைதராபாத்தை 2-1 என்று வென்றார்கள். அந்த ஆட்டத்தின் மூன்று கோல்களும் காயநேரத்தில் விழுந்தவை. அடுத்து ஒடிசாவுடன் 2-2. ஆறு ஆட்டங்களில் 5 புள்ளிகள். நவம்பர் கடைசியில் கிரிகரி விலகினார்.

வந்தவர் ஓவன் காய்ல். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், 2009-ல் பர்ன்லியை இங்கிலாந்து பிரீமியர் லீகுக்கு ஏற்றிவிட்டவர். பருவத்தின் நடுவில் அவருக்குப் புது அணி வாங்கிக் கொடுக்க முடியாது. இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். மீதமிருந்த 12 லீக் ஆட்டங்களில் 7 வெற்றி, 3 டிரா, 2 தோல்வி. 24 புள்ளிகள். அடிமட்டத்தில் கிடந்த அணி 29 புள்ளிகளோடு நான்காமிடம் பிடித்து அரையிறுதிக்குள் நுழைந்தது. வால்ஸ்கிஸ் 15 கோல்.

நம் வட்டாரத்துக்கு இந்தக் கதையில் தனி அக்கறை உண்டு. அந்த அணியில் எட்வின் சிட்னி வான்ஸ்பால் இருந்தார். நெய்வேலிக்காரர். சென்னையிலிருந்து அவர் ஊருக்குப் பஸ் ஏறினால் திண்டிவனத்தைத் தாண்டி விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி வழியாகப் போகவேண்டும். 1993 வரை இவையெல்லாம் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். சென்னை சிட்டி எஃப்.சி.யோடு ஐ-லீக் பட்டம் வென்றுவிட்டு வந்தவர் எட்வின். ரைட் பேக்கிலும் நிற்பார், நடுக்களத்திலும் நிற்பார். காய்ல் அவரை நடுக்களத்தில் அனிருத் தாப்பாவோடு நிறுத்தினார். எட்வின் பந்தைப் பறித்துக் கொடுக்கும் வேலையைப் பார்த்துக்கொள்ள, தாப்பாவுக்கு முன்னால் ஓடச் சுதந்திரம் கிடைத்தது. அவருக்கும் முன்னால் கிரிவெல்லாரோ இடைவெளி தேடி அலைய முடிந்தது. ஒரே ஒரு ஆள் நிற்கும் இடம் மாறியதில் முன்வரிசைவரை எல்லாருக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது.

திணறும் அணிக்குத் தேவையான மாற்று வழி இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். புது அணி, புதுத் தத்துவம், புது வியூகம் என்று பலகையில் தலைகீழாக வரைந்து காட்டுவதெல்லாம் தேவையில்லை. இரண்டு வேலை தெரிந்த ஆள் ஒருவர் அணியில் இருக்கிறாரா, அவரை இடம் மாற்றத் துணியும் பயிற்சியாளர் இருக்கிறாரா? கேள்வி இவ்வளவுதான்.

2020 பிப்ரவரி 29. சென்னையில் கோவாவுக்கு எதிரான முதல் அரையிறுதி. சென்னையின் 4-1. நான்கில் முதல் கோல் கோயன், மூன்றாவது எலி சாபியா. இருவருமே ஸ்டாப்பர்கள்! இரண்டாம் ஆட்டத்தில் கோவா 4-2 என்று பதிலடி கொடுத்தும் மொத்தக் கணக்கில் சென்னையினுக்கு 6-5. இறுதி ஆட்டத்தைக் கொரோனா வந்து ஆளில்லாத ஃபடோர்டா மைதானத்துக்குள் பூட்டிவிட்டது. ஏ.டி.கே.யிடம் 3-1 தோல்வி.

அடுத்த பருவத்தில் காய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். கிரிவெல்லாரோ நடுவழியில் காயம்பட்டு வெளியேறினார். சபா லாஸ்லோ பயிற்சியளித்த சென்னையின் 20 ஆட்டங்களில் 11 டிரா செய்து எட்டாமிடத்தில் முடித்தது. பந்து முன்னால் வரும், பெட்டிக்கருகே வந்து நிற்கும், அதற்குமேல் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. பூட்டைத் திறக்கும் வேலை ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவர் போனதும் திட்டமும் கூடவே போய்விடும்.

டைம் அவுட் கிடையாது

நம் ஊர்ப்பக்கம் கபடிக்கும் வாலிபாலுக்கும் இருக்கும் கூட்டம் கால்பந்துக்குக் கிடையாது. அந்த இரண்டு ஆட்டத்திலும் கோச் டைம் அவுட் கேட்கலாம். ஆட்களை வட்டமாக நிறுத்தி, “அவன் இடது பக்கமா வர்றான், நீ கார்னரை விட்டு உள்ளே வா” என்று சொல்லி அனுப்பலாம். கால்பந்தில் அது நடக்காது. 45 நிமிடம் ஓடிக்கொண்டே இருக்கும். கோட்டுக்கு வெளியே நின்று கோச் தொண்டை கிழியக் கத்தினாலும் எதிர்ப்பக்க விங்கருக்குக் கேட்காது. சேதி ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்குப் போய்ச் சேர்வதற்குள் இன்னொரு கோல் விழுந்துவிடும்.

அதனால் மாற்று வழி என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே பதினோரு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கோச் இரண்டு விரல் காட்டினால் போதும், யார் எங்கே போவது என்று ஒவ்வொருவருக்கும் தெரியவேண்டும். 2022 உலகக் கோப்பையில் ஜப்பான் ஜெர்மனியிடம் முற்பாதியில் திணறியது; ஒரு கோல் பின்தங்கியும் இருந்தது. இடைவேளையில் பயிற்சியாளர் மொரியாசு பின்வரிசையை மூன்று ஸ்டாப்பராக மாற்றினார். பிறகு வரிசையாக மாற்று ஆட்களை இறக்கினார். அவர்களில் தோவான், அசானோ இருவரும் கோல் போட 2-1. சில நாள் கழித்து ஸ்பெயினையும் ஒரு கோல் பின்தங்கிய நிலையிலிருந்து அதே 2-1 என்று வீழ்த்தினார்கள். ஒரு முறை என்றால் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம்.

2020-ல் கொரோனா காலத்தில் தற்காலிகமாக வந்து பின்பு நிலைத்துவிட்ட ஐந்து மாற்று ஆட்டக்காரர் விதியும் இதற்கு உதவுகிறது. கோல்கீப்பர் போகக் களத்தில் நிற்கும் பத்துப் பேரில் பாதியை மாற்றிவிடலாம் என்றால், கோச் இரண்டு அணியைக் கையில் வைத்திருப்பதாகத்தான் அர்த்தம். முன்பு இந்த வசதி இல்லை. உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரரை அனுமதித்ததே 1970-ல்தான். அதற்கு முன்பு இறங்கிய பதினோரு பேர்தான் கடைசிவரை; காயம்பட்டால் நொண்டிக்கொண்டே நிற்க வேண்டும்.

அந்தக் காலத்தில்தான் இந்தியக் கால்பந்தின் ஆகப் பெரிய மாற்றுத் திட்டம் அரங்கேறியது.

தலையில் கட்டோடு ஒரு ஃபார்வர்ட்

1962 ஆசிய விளையாட்டு, ஜகார்த்தா. இந்திய அணியின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்காரர், அடிப்படையில் பள்ளி ஆசிரியர். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்கு வந்தார்கள். ஆனால் வரும் வழியில், தாய்லாந்து ஆட்டத்தில், ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலத்த அடி. தையல் போட வேண்டியதாயிற்று.

ஜர்னைல் அன்று ஆசியாவின் சிறந்த ஸ்டாப்பர்களில் ஒருவர். தலையில் தையலோடு இருப்பவரைப் பின்வரிசையில் நிறுத்தி உயரப் பந்துகளை முட்டச் சொல்வது ஆபத்து. வேறு யாராக இருந்தாலும் அவரை உட்கார வைத்துவிட்டு இன்னொரு ஸ்டாப்பரைத் தேடியிருப்பார்கள். ரஹீம் அவரை முன்வரிசையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். பின்னால் அவர் விட்டுப்போன இடத்தை அருண் கோஷ் பார்த்துக்கொண்டார். தென் வியட்நாமுக்கு எதிரான அரையிறுதி 3-2. சூனி கோஸ்வாமி இரண்டு, மூன்றாவது ஜர்னைல்.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். எதிரே மறுபடி தென்கொரியா. இதே இந்தியாவை இதே போட்டியில் ஏற்கெனவே அடித்த அணி. மைதானமும் இந்தியாவுக்கு எதிர். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததை இந்திய விளையாட்டு நிர்வாகி சோந்தி வெளிப்படையாகக் கண்டித்திருந்தார். அந்தக் கோபத்தையெல்லாம் ஜகார்த்தா ரசிகர்கள் பதினோரு ஆட்டக்காரர்கள்மீது கொட்டினார்கள். நாட்டுப்பண் ஒலித்தபோதே ஊளைச் சத்தம். கோலில் பீட்டர் தங்கராஜ். முன்னால், தலையில் கட்டோடு ஜர்னைல். 17-வது நிமிடத்தில் பி.கே.பானர்ஜி ஒரு கோல். மூன்று நிமிடம் கழித்து ஜர்னைல் ஒரு கோல். கொரியா கடைசியில் ஒன்று போட்டும் 2-1 என்று தங்கம் இந்தியாவுக்கு. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குத் தங்கம் இல்லை.

கொரியர்கள் முதல் ஆட்டத்தில் பார்த்த இந்தியா வேறு, இறுதியில் எதிர்கொண்ட இந்தியா வேறு. பெயர்ப் பட்டியலில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவர் நிற்கும் இடம் மாறியிருந்தது, அதைச் சுற்றி மற்ற இடங்களும் மாறியிருந்தன. ரஹீம் ஏற்கெனவே நோய்வாய்ப்பட்டிருந்தார். அடுத்த ஆண்டு ஜூனில் புற்றுநோயால் இறந்தார்.

எதிர்க்கட்சி வாதம்

மாற்றுத் திட்டமே தேவையில்லை, இருக்கும் திட்டத்தை இன்னும் நன்றாகச் செய் என்று சொல்லும் கட்சியும் உண்டு. பார்சிலோனா பரம்பரை அப்படித்தான் பேசும். அவர்களே ஒருமுறை தடுமாறினார்கள். குட்டையான ஆட்டக்காரர்கள், குட்டையான பாஸ்கள் என்றிருந்த அணிக்கு உயரமான மாற்று வழி ஒன்று இருக்கட்டும் என்று 2009-ல் பெருந்தொகை கொடுத்து இப்ராஹிமோவிச்சை வாங்கினார்கள். 2010 ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. இன்டர் மிலன் பத்தே பேரோடு கோலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. உயரமான ஃபார்வர்ட் தேவைப்பட்ட தருணம் என்று ஒன்று உண்டென்றால் அது அதுதான். பயிற்சியாளர் கார்டியோலா 63-வது நிமிடத்தில் இப்ராஹிமோவிச்சை வெளியே எடுத்துவிட்டார். பிறகு யாரை முன்னால் அனுப்பினார் தெரியுமா? ஸ்டாப்பர் பிக்கேயை. பிக்கே 84-வது நிமிடத்தில் கோலும் போட்டார். மொத்தக் கணக்கில் ஒரு கோல் போதாமல் பார்சிலோனா வெளியேறியது. இப்ராஹிமோவிச் அந்தக் கோடையிலேயே ஏ.சி. மிலனுக்குக் கிளம்பிவிட்டார். கடையில் வாங்கிய மாற்று வழி பெஞ்சில். அணியின் மொழியில் பிறந்து வளர்ந்த ஸ்டாப்பர் களத்தில்.

பொறுமைக் கட்சிக்குச் சாதகமான சாட்சியும் சென்னையிலேயே இருக்கிறது. 2015-ல் மத்தராஸி பயிற்சியளித்த சென்னையின் பத்து ஆட்டங்களில் பத்தே புள்ளிகளோடு அடிமட்டத்தில் இருந்தது. மீதி நான்கையும் வரிசையாக வென்று மூன்றாமிடம். டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியதால் அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டமே புணேவுக்குப் போனது, அங்கே ஏ.டி.கே.யை 3-0. கோவாவில் நடந்த இறுதியில் 87-வது நிமிடத்தில் 1-2 என்று பின்தங்கி, கோல்கீப்பர் கட்டிமணியின் சுயகோலாலும் மென்டோஸாவின் கோலாலும் 3-2. மென்டோஸா அந்தப் பருவத்தில் 13 கோல். கோல் போடும் ஆள் ஒருவர் உங்களிடம் இருக்கிறார், வாய்ப்பும் உருவாகிறது என்றால் நான்கு தோல்விக்காக எல்லாவற்றையும் கலைக்க வேண்டியதில்லை என்று இதைக் காட்டி வாதிடலாம். நானும் ஒப்புக்கொள்வேன்.

ஆகவே பயிற்சியாளர் முதலில் பார்க்க வேண்டியது, தோல்வி எங்கிருந்து வருகிறது என்பதை. வாய்ப்பு உருவாகிறது, உள்ளே போகவில்லை என்றால் பொறுக்கலாம். வாய்ப்பே உருவாகவில்லை என்றால் பொறுக்கக் கூடாது. 2018-19 சென்னையின் இரண்டாவது ரகம்.

2022-ல் சவூதி அரேபியாவிடம் 1-2 தோற்ற அர்ஜென்டினா இரண்டு ரகத்துக்கும் நடுவில் இருந்தது. அதற்கு முன் 36 ஆட்டங்கள் தோற்காத அணி. முற்பாதியில் போட்ட கோல்கள் ஆஃப்சைடில் போயின. “ஒரு நாள் சறுக்கல்” என்று சொல்லித் தொடர எல்லா நியாயமும் பயிற்சியாளர் ஸ்கலோனிக்கு இருந்தது. அவர் மெக்சிகோ ஆட்டத்துக்கு ஐந்து பேரை மாற்றினார். போலந்து ஆட்டத்துக்குள் 21 வயது என்ஸோ ஃபெர்னாண்டஸும் ஹூலியன் அல்வாரஸும் முதல் பதினொன்றில் இருந்தார்கள். நெதர்லாந்துக்கு எதிரான காலிறுதியில் மூன்று ஸ்டாப்பர், அடுத்த ஆட்டத்தில் மறுபடி நான்கு பேர் பின்வரிசை. மெஸ்ஸி மட்டும் எங்கும் மாறவில்லை. மெஸ்ஸியைச் சுற்றி எல்லாமே மாறிக்கொண்டிருந்தது. அதே காலிறுதியில் நெதர்லாந்துப் பயிற்சியாளர் ஃபான் ஹால் உயரமான வெக்ஹோர்ஸ்ட்டை 78-வது நிமிடத்தில் இறக்கி, 83-ல் ஒரு தலைமுட்டும், காயநேரத்தின் பதினோராவது நிமிடத்தில் ஒத்திகை பார்த்த ஃப்ரீ கிக் ஒன்றும் வாங்கி, ஆட்டத்தை 2-2 ஆக்கினார். எல்லாரும் கோலை நோக்கி அடிப்பார்கள் என்று காத்திருக்க, டச்சுக்காரர்கள் தரையோடு தள்ளிக் கொடுத்த அந்த ஃப்ரீ கிக்கை முடிந்தால் ஒருமுறை பாருங்கள். பெனால்டியில்தான் தோற்றார்கள்.

ஒத்திகை இல்லாத பதற்றத்துக்கும் உலகக் கோப்பையே உதாரணம் தருகிறது. 2018-ல் தென்கொரியாவுக்கு எதிராக ஜெர்மனி ஒரு கோல் பின்னால். கோல்கீப்பர் நாயர் தாமே எதிரணி எல்லைக்குள் ஓடினார். பந்து பறிபோனது. சன் ஹியூங்-மின் தன்னந்தனியாக ஓடிக் காலிக் கோலில் தட்டிவிட்டார். சாம்பியன் அணி முதல் சுற்றோடு வீடு திரும்பியது.

நம் மைதானத்தில்

2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. அக்பர் நவாஸ் பயிற்சியளித்த சென்னை சிட்டி கடைசி ஆட்டத்தில் வென்றால் ஐ-லீக் சாம்பியன். எதிரே மினர்வா பஞ்சாப். மூன்றாவது நிமிடத்திலேயே ஒரு கோல் வாங்கினார்கள். இடைவேளைவரை அதே 0-1. பின்பாதியில் மான்ஸி பெனால்டியில் சமன் செய்ய, அடுத்த இரண்டு கோலும் கௌரவ் போரா. டிஃபண்டர்! 3-1. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம் எடுத்துப் பட்டம். எட்வின் அந்த அணியில் இருந்தார். இரண்டு இடம் தெரிந்தவர்கள் நிறைந்த அணி அது.

நம் மாவட்டத்துப் பள்ளி அணிகளுக்கு இதில் என்ன இருக்கிறது? முதலில் ஒரு கஷ்டத்தைச் சொல்லிவிட வேண்டும். பாரதியார் தினப் போட்டி, குடியரசு தினப் போட்டி, முதலமைச்சர் கோப்பை என்று எதை எடுத்தாலும் தொடக்கச் சுற்றுகள் பெரும்பாலும் நாக் அவுட். தோற்றால் அன்றே பஸ் ஏற வேண்டியதுதான். காய்லுக்குப் பன்னிரண்டு ஆட்டம் கிடைத்தது, நம் பி.டி. சாருக்கு ஒரு மதியம் கிடைக்கும். ஆறு ஆட்டம் திணறிவிட்டு யோசிக்கலாம் என்ற சொகுசு இல்லாத இடத்தில்தான் முன்கூட்டித் தெரிந்த மாற்று வழி அதிகம் தேவைப்படுகிறது. ஆனால் அங்கேதான் அது அறவே கிடையாது.

இரண்டாவது கஷ்டம் நாமே உண்டாக்கியது. ஏழாம் வகுப்பில் உயரமாக இருக்கும் பையனை “நீ பேக்ல நில்லு” என்று சொல்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அவன் அங்கேயே நிற்கிறான். முதுகில் ஒருவன் ஒட்டிக்கொண்டிருக்க, கோலுக்குப் புறம்காட்டிப் பந்தை வாங்கித் திரும்புவது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சின்னப் பையன் விங்கிலேயே கிடக்கிறான்; அவனுக்குத் தடுக்கத் தெரியாது. ஐந்து வருடம் இப்படி வளர்த்துவிட்டு, மாவட்டப் போட்டியின் கடைசிப் பத்து நிமிடத்தில் ஸ்டாப்பரை மேலே ஏற்றினால் அவன் அங்கே போய் என்ன செய்வான்? பந்தைப் பார்ப்பான், முட்டுவான், அது மேலே போகும். இத்தனைக்கும் நம் பையன்கள் காலையில் கபடி, மாலையில் வாலிபால், இடையில் கால்பந்து என்று எல்லாவற்றிலும் இறங்குகிறவர்கள். மூன்று ஆட்டத்துக்குப் பழகும் உடம்பு ஒரே ஆட்டத்தின் மூன்று இடத்துக்குப் பழகாதா?

நம் வட்டாரத்தில் திறமைக்குக் குறைவில்லை; பக்கத்துக் கடலூரைப் பாருங்கள். அங்கிருந்து கிளம்பிய இந்துமதி கதிரேசன் இந்திய நடுக்களத்தில் ஆடினார். காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் இருக்கிறார். 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாட்டுப் பெண்கள் முதல் தடவையாகத் தேசியப் பட்டம் வென்றபோது அவர் அணியில் இருந்தார். மணிப்பூரின் பெயரைக் கேட்டாலே பாதி ஆட்டம் தோற்றுவிடும் காலம் அது. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியாணாவை வென்று மறுபடியும் அந்தப் பட்டத்தை எடுத்து வந்தார்கள்.

பி.டி. சார்களுக்கு என் யோசனை சின்னது. வாரத்தில் ஒரு மாலை பின்வரிசையை முன்னாலும் முன்வரிசையைப் பின்னாலும் நிறுத்தி ஆடவிடுங்கள். இன்னொரு மாலை, பயிற்சியின் கடைசிக் கால் மணி நேரத்தை 0-1 என்ற கணக்கோடு தொடங்குங்கள். ஒரு பக்கம் விரட்டட்டும், மறுபக்கம் காக்கட்டும், அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளட்டும். ஸ்டாப்பர் மேலே போக ஒரு கை சைகை, அவர் இடத்தை நிரப்ப ஒரு பெயர், இரண்டையும் முடிவு செய்துவிடுங்கள். கார்னர் இரண்டு விதம் போதும். கூடுதல் பந்தோ பணமோ வேண்டாம், நம் பொட்டல் மைதானமே தாங்கும். முதல் சில வாரம் விங்கர் பின்னால் நின்று திருதிருவென்று விழிப்பான், கோல் மழையாகக் கொட்டும், பையன்கள் சிரிப்பார்கள். அதற்குள் நட்பு ஆட்டம் ஏதாவது 0-5 என்று முடிந்தால், தலைமை ஆசிரியர் கணக்கைக் கேட்கும் முன்பே அவர் அறைக்குப் போய் விளக்கிவிட்டு வருவது நல்லது.